நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி எவ்வளவு குடிக்கும்? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

நடுத்தர அளவுக் கிராஸ்ஓவர்களில் (கார் அடித்தளத்தின் மேல் கட்டிய உயரமான வண்டிகளில்) ஆல்-வீல் டிரைவ், அதாவது நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும் அமைப்பு, எவ்வாறு இயங்குகிறது என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மைலேஜைப் பற்றியே இருந்ததால், இம்மாதப் பகுதியை முழுவதும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்து ஒரு கேள்வியாக்கியிருக்கிறேன். அமெரிக்கச் சோதனை எண்கள் வரும் இடங்களில், கேலனுக்கு மைல் என்ற கணக்கை லிட்டருக்குக் கிலோமீட்டராக மாற்றித் தந்திருக்கிறேன்.

கேள்வி: நானும் என்னுடன் பணிபுரியும் நண்பரும் ஒரே மாடல் கிராஸ்ஓவர் வைத்திருக்கிறோம். அவருடையது முன்சக்கர இயக்கம் கொண்டது. என்னுடையது ஆல்-வீல் டிரைவ். அவருக்கு லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கிடைக்கிறது, எனக்கோ 9.5-ஐத் தாண்டவில்லை. பின்சக்கரங்களுக்கும் விசை போவதற்காக இவ்வளவு எரிபொருளை இழக்க வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. உங்கள் 2.5 கிலோமீட்டர் வித்தியாசத்தில் ஆல்-வீல் டிரைவின் பங்கு அரை கிலோமீட்டருக்கு முன்னும் பின்னுமாகவே இருக்கும். ஒரே வண்டியை இரு வகையிலும் சோதித்து வெளியிட்ட எண்களைப் பார்த்தால் இது தெளிவாகும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் அட்டவணையில் 2023 ஹோண்டா சி.ஆர்.-வி.யின் டர்போ பெட்ரோல் வண்டி, முன்சக்கர இயக்கத்தில் லிட்டருக்கு 12.8 கிலோமீட்டரும் ஆல்-வீல் டிரைவில் 12.3 கிலோமீட்டரும் பெற்றது. மூன்று நான்கு சதவீதம்தான்.

அந்த மூன்று நான்கு சதவீதம் எங்கே போகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எஞ்சின் குறுக்குவாட்டில் பொருத்தப்பட்ட வண்டிகளில், முன்பக்கக் கியர்பாக்ஸிலிருந்து விசையைப் பிரித்துச் செங்குத்தாகத் திருப்பிப் பின்னோக்கி அனுப்ப ஒரு கியர் பெட்டி இருக்கும்; அதிலிருந்து ப்ரொபெல்லர் ஷாஃப்ட் என்ற சுழல்தண்டு நீண்டு, இரு பின்சக்கரங்களுக்கும் விசையைப் பகிரும் பின் டிஃபரன்ஷியலை அடையும்; அங்கே விசை மறுபடியும் செங்குத்தாகத் திரும்பிச் சக்கரங்களுக்குப் போகும். இந்த இரண்டு திருப்பங்களிலும் கியர்ப் பற்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டே உருள்வதாலும், அவை கெட்டியான எண்ணெயைக் கடைந்துகொண்டே சுழல்வதாலும், கொஞ்சம் ஆற்றல் வெப்பமாக வீணாகிறது. இத்தனை உறுப்புகளும் சேர்ந்து வண்டியின் எடையில் 50 முதல் 80 கிலோ வரை கூட்டுகின்றன.

பலரும் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. தேவைப்படும்போது மட்டும் பின்சக்கரங்களை இணைக்கும் அமைப்பில், இணைக்கும் கிளட்ச் பொதுவாகப் பின் டிஃபரன்ஷியலுக்கு அருகில்தான் இருக்கிறது. கிளட்ச் விலகியிருந்தாலும் அதற்கு முன்னால் இருக்கும் ஷாஃப்டும், பிரித்தனுப்பும் கியர்களும் சும்மா சுழன்றுகொண்டேதான் இருக்கும். விசை பின்னால் போகாவிட்டாலும் சுழற்றும் செலவு உண்டு. இதைத் தவிர்க்கத்தான் 2014 மாடல் ஜீப் செரோகி, 2019 மாடல் டொயோட்டா ராவ்4 போன்ற வண்டிகளில், ஷாஃப்டை இரு முனையிலும் கழற்றிவிட்டு நிற்கவைக்கும் ஏற்பாடு வந்தது. சுபாருவின் முழுநேர அமைப்பில் அப்படிக் கழற்றிவிடும் வழக்கம் இல்லை. ஆனாலும் 2020 அவுட்பேக்கின் 2.5 லிட்டர் வண்டி 12.3 பெற்றிருக்கிறது. ஆகவே, முழுநேர இயக்கம் என்றாலே கட்டுக்கடங்காமல் குடிக்கும் என்பதும் சரியன்று.

மீதி இரண்டு கிலோமீட்டரை உங்கள் இருவரின் பயணப் பாதையிலும், வேகத்திலும், டயரிலும் தேடுங்கள். முடிந்தால் ஒரு வாரம் வண்டிகளை மாற்றி ஓட்டிப் பாருங்கள். வித்தியாசம் வண்டியோடு போகிறதா, ஓட்டுநரோடு போகிறதா என்பது அந்த ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். ஓட்டுநரோடு போகும் என்பது என் ஊகம். நீங்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

கேள்வி: விளம்பரப் புத்தகத்தில் ஓர் எண்ணை அச்சடித்துவிட்டுச் சாலையில் அதைவிட இருபது சதவீதம் குறைவாகக் கொடுத்தால், அது ஏமாற்று வேலை இல்லையா?

பதில்: பெரும்பாலும் இல்லை, அது வேறொரு கேள்விக்கான விடை. அச்சிட்ட எண், சோதனைக்கூடத்தில் உருளைகளின் மேல் வண்டியை நிறுத்தி, வகுத்து வைத்த வேகப் பட்டியலின்படி ஓட்டிப் பெறுவது. ஐரோப்பாவில் நெடுங்காலம் நடப்பில் இருந்த பழைய சோதனை 11 கிலோமீட்டர் தூரத்தை 20 நிமிடத்தில் கடந்தது. அதன் முடுக்கங்கள் இன்றைய எந்த ஓட்டுநருக்கும் பொறுமை போதாத அளவுக்கு மெதுவானவை. அதற்குப் பதிலாக, 2017 செப்டம்பரிலிருந்து புதிய மாடல்களுக்கு நடைமுறைக்கு வந்த டபிள்யூ.எல்.டி.பி. சோதனை 23 கிலோமீட்டருக்குச் சற்று மேலான தூரத்தை 30 நிமிடத்தில் ஓட்டுகிறது. உச்ச வேகம் மணிக்கு 131 கிலோமீட்டர். இது பழையதைவிட உண்மைக்கு நெருக்கமானது என்றாலும், இதிலும் ஏ.சி. அணைத்தே இருக்கும்.

அமெரிக்கச் சோதனை 2008 மாடல் ஆண்டிலிருந்து ஐந்து வகை ஓட்டங்களின் அடிப்படையில் அமைந்திருக்கிறது: வழக்கமான நகர ஓட்டம், நெடுஞ்சாலை ஓட்டம் ஆகியவற்றோடு, வேகமும் முரட்டு முடுக்கமும் கொண்ட ஓட்டம், 35 பாகை வெப்பத்தில் ஏ.சி. போட்ட ஓட்டம், உறைநிலைக்குக் கீழே 7 பாகைக் குளிரில் ஓட்டம் ஆகியவையும் கணக்கில் சேர்கின்றன. ஒரே வண்டிக்கு இரு முறைகளின் எண்களும் கிடைத்தால், அமெரிக்க எண்ணையே நம்பிக் கணக்குப் போடுங்கள் என்பது என் அறிவுரை.

நீங்கள் சொல்லும் வகைத் தவறும் நடந்ததுண்டு. உருளைகளின் மேல் ஓடும் வண்டிக்கு எதிர்காற்று கிடையாது. ஆகவே முதலில் திறந்த பாதையில் வண்டியை வேகமாக ஓட்டி, நியூட்ரலில் விட்டு, அது எவ்வளவு நேரத்தில் வேகம் குறைகிறது என்று அளந்து, அந்தத் தடையை உருளைகளில் ஏற்றுகிறார்கள். இந்த அளவு பிசகினால் எல்லாமே பிசகும். 2012 நவம்பரில் ஹூண்டாய், கியா நிறுவனங்கள் 2011 முதல் 2013 வரையிலான மாடல்களில் ஏறத்தாழ 9 லட்சம் வண்டிகளின் அறிவிக்கப்பட்ட மைலேஜை அமெரிக்காவில் குறைத்து மறுபதிப்புச் செய்ய நேர்ந்தது. அதற்குக் காரணம் இந்தத் தடை அளவீட்டில் நேர்ந்த குளறுபடிதான்.

கேள்வி: என் வண்டியின் திரை லிட்டருக்கு 11.8 காட்டுகிறது. நான் பெட்ரோல் போட்டுக் கணக்கிட்டால் 10.9 வருகிறது. எதை நம்புவது? இன்னொன்று: நகரத்துக்குள் 9, நெடுஞ்சாலையில் 15 கிடைக்கிறது, இரண்டிலும் சம தூரம் ஓட்டினால் சராசரி 12 என்று கொள்ளலாமா?

பதில்: கணக்கை நம்புங்கள், ஆனால் ஒரே ஒரு முறை போட்ட கணக்கை நம்பாதீர்கள். திரையில் தெரிவது இன்ஜெக்டர்கள் திறந்திருந்த நேரத்தையும் சக்கரம் சுழன்ற கணக்கையும் வைத்துக் கணினி போடும் மதிப்பீடு. அது உண்மையைவிடச் சில சதவீதம் கூட்டிக் காட்டுவது பல வண்டிகளில் வழக்கம். பெட்ரோல் போட்டு அளப்பதிலும் பிழை உண்டு. துப்பாக்கி முனை முதல் முறை தானே நிற்கும் இடம் பம்புக்குப் பம்பு மாறுகிறது. வண்டி நிற்கும் தரையின் சாய்வைப் பொறுத்தும் மாறுகிறது. 40 லிட்டர் நிரப்பும்போது 2 லிட்டர் முன்பின்னாக நின்றுவிட்டால், அந்த ஒரு காரணத்தாலேயே 5 சதவீதம் பிசகிவிடும். ஆகவே, ஒவ்வொரு முறையும் முதல் ‘கிளிக்’ ஒலியோடு நிறுத்தி, நான்கைந்து முறை நிரப்பிய மொத்த லிட்டரால் மொத்தக் கிலோமீட்டரை வகுத்துப் பாருங்கள்.

சராசரி விஷயத்தில் உங்கள் கணக்குத் தவறு. 100 கிலோமீட்டர் நகர ஓட்டத்துக்கு 11.1 லிட்டரும், 100 கிலோமீட்டர் நெடுஞ்சாலைக்கு 6.7 லிட்டரும் செலவாகின்றன. 200 கிலோமீட்டருக்கு 17.8 லிட்டர் என்றால் சராசரி 11.25 ஆகும், 12 அன்று. லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று பேசும் பழக்கத்தால் வரும் மயக்கம் இது. 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று ஐரோப்பியர் கணக்கிடுவது போலச் செய்தால் நேராகக் கூட்டி வகுத்துவிடலாம். அந்த முறையில் பார்த்தால் இன்னோர் உண்மையும் புலப்படும்: 8-லிருந்து 10-க்கு உயரும் வண்டி 100 கிலோமீட்டரில் இரண்டரை லிட்டர் மிச்சப்படுத்துகிறது, 16-லிருந்து 20-க்கு உயரும் வண்டி அதில் பாதியைத்தான் மிச்சப்படுத்துகிறது. அதிகம் குடிக்கும் பெரிய வண்டியில் செய்யும் சிறு திருத்தம், ஏற்கெனவே சிக்கனமான சிறிய வண்டியில் செய்யும் பெரிய திருத்தத்துக்கு ஈடாவது இதனால்தான்.

கேள்வி: நெடுஞ்சாலையில் 80-ல் போனால் நன்றாகக் கொடுக்கும் வண்டி, 120-ல் போகும்போது டேங்கில் ஓட்டை விழுந்தது போலக் குடிக்கிறது. எஞ்சினில் ஏதேனும் கோளாறு இருக்குமா?

பதில்: எஞ்சினில் கோளாறு இல்லை. நீங்கள் வாங்கியிருக்கும் வண்டியின் உருவத்துக்கு இயற்கை விதிக்கும் வரி அது. இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் நான்கு சக்கர இயக்கத்தின் மேல் போடப்படும் பழியில் பெரும்பகுதி உண்மையில் இங்கேதான் சேர வேண்டும்.

ஆள், சாமான் எல்லாம் சேர்ந்து 1,800 கிலோ எடையுள்ள ஒரு கிராஸ்ஓவரை எடுத்துக்கொள்வோம். சமதரையில் சீராக ஓடும்போது அதை இரண்டு தடைகள் பின்னுக்கு இழுக்கின்றன. ஒன்று டயர்கள் நசுங்கி நிமிர்வதால் வரும் உருளல் தடை. நல்ல டயர்களில் இது வண்டியின் எடையில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 180 நியூட்டன். வேகம் கூடினாலும் இது அதிகம் மாறுவதில்லை. மற்றொன்று காற்றுத் தடை. அது வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வது. காற்றுத் தடைக் கெழு (வண்டியின் உருவம் காற்றை எவ்வளவு எதிர்க்கிறது என்பதைக் காட்டும் எண்) 0.33, முன்முகப் பரப்பு 2.7 சதுர மீட்டர் என்று கொண்டால், மணிக்கு 80 கிலோமீட்டரில் அது 265 நியூட்டன் அளவிலும், 100-ல் 410 அளவிலும், 120-ல் 590-ஐ ஒட்டியும் நிற்கும்.

இரண்டையும் கூட்டிப் பாருங்கள். 80-ல் மொத்தத் தடை 440 நியூட்டன், 120-ல் 770 நியூட்டன். அதே ஒரு கிலோமீட்டரைக் கடக்கச் சக்கரத்தில் முக்கால் பங்கு அதிகமான ஆற்றல் தேவைப்படுகிறது. எஞ்சின் அதிகச் சுமையில் கொஞ்சம் திறமையாக இயங்கும் என்பதால் எரிபொருள் அதே விகிதத்தில் ஏறாது. என் மதிப்பீட்டில், 80-ல் லிட்டருக்கு 16 கொடுக்கும் வண்டி 120-ல் 11 முதல் 12 வரை கொடுத்தால் அது ஒழுங்காக இருக்கிறது என்றே பொருள்.

இதையே தாழ்வான ஒரு செடான் காரோடு ஒப்பிட்டால் வேறுபாடு இன்னும் துலங்கும். கெழு 0.28, முகப்பரப்பு 2.2 சதுர மீட்டர் உள்ள செடான், 100-ல் ஏறத்தாழ 285 நியூட்டன் காற்றுத் தடையைத்தான் சந்திக்கிறது. கிராஸ்ஓவர் சந்திக்கும் 410-ல் இது மூன்றில் இரண்டு பங்கைவிடச் சற்றே கூடுதல். உயரமாக உட்கார்ந்து சாலையைப் பார்க்கும் சுகத்துக்கும், மேடுபள்ளத்தில் அடி தட்டாத நிம்மதிக்கும் நாம் கொடுப்பது இந்த 125 நியூட்டன். பின்சக்கரங்களுக்குப் போகும் ஷாஃப்ட் கேட்பது அதில் ஒரு சிறு பகுதியே.

நேரத்தையும் கணக்கிட்டுப் பாருங்கள். 120 கிலோமீட்டர் தூரத்தை 120-ல் ஒரு மணி நேரத்திலும், 100-ல் 72 நிமிடத்திலும், 80-ல் 90 நிமிடத்திலும் கடக்கலாம். 100-க்கும் 120-க்கும் இடையே மிச்சமாகும் 12 நிமிடத்துக்கு ஏறத்தாழ இரண்டு லிட்டர் செலவாகிறது. நான் 95-ஐ ஒட்டி ஓட்டுகிறேன். பின்னால் வருபவர்கள் விளக்கைச் சிமிட்டினால் வழிவிடுகிறேன்.

கேள்வி: அலுவலகம் வீட்டிலிருந்து 4 கிலோமீட்டர்தான். தினமும் போய்வர மட்டுமே வண்டியை எடுக்கிறேன். வேகமாக ஓட்டுவதில்லை, ஏ.சி.யையும் குறைவாகவே வைக்கிறேன். இருந்தும் 7.5-தான் கிடைக்கிறது. (வாசகி ஒருவர்)

பதில்: தங்கள் வண்டி வேலை செய்யத் தயாராவதற்குள் நீங்கள் அலுவலகம் போய்ச் சேர்ந்துவிடுகிறீர்கள், அம்மா. குளிர்ந்த எஞ்சினுக்குக் கலவையில் பெட்ரோல் அதிகம் வேண்டும். எண்ணெய் கெட்டியாக இருப்பதால் உராய்வும் அதிகம். முழு வெப்பநிலையை எட்டப் பல கிலோமீட்டர் ஓட வேண்டும். ஆல்-வீல் டிரைவ் வண்டியில் இதோடு இன்னொன்றும் சேர்கிறது. எஞ்சினைச் சூடாக்க எரியும் பெட்ரோல் இருக்கிறது. பின் டிஃபரன்ஷியலின் எண்ணெயைச் சூடாக்கத் தன் சொந்த உராய்வைத் தவிர வேறொன்றும் இல்லை. நான்கு கிலோமீட்டரில் அது இளகுவதே இல்லை. சோதனைக்கூட எண்களில் மூன்று நான்கு சதவீதமாகத் தெரியும் இழப்பு, உங்களைப் போன்ற பயணத்தில் அதைவிடக் கூடுதலாக இருப்பதற்கு இது ஒரு காரணம்.

குளிர் நாடுகளில் இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு ஒன்றைச் சொல்லலாம். 25 பாகை வெப்பத்தில் கிடைக்கும் நகர மைலேஜ், உறைநிலைக்குக் கீழே 7 பாகையில் ஏறத்தாழ 15 சதவீதம் குறைகிறது. ஐந்தாறு கிலோமீட்டர் அளவிலான குறும்பயணமானால் 24 சதவீதம் வரை குறையலாம். கடும் வெயிலில் நின்ற வண்டியை எடுத்துக் குறுகிய தூரம் ஓட்டினால் ஏ.சி.யும் இதே வேலையைச் செய்யும்; உலையாகக் கொதிக்கும் உட்புறத்தைக் குளிரவைப்பதிலேயே பயணம் முடிந்துவிடுகிறது. கிளம்பியதும் ஒரு நிமிடம் சன்னல்களைத் திறந்து சூட்டை வெளியேற்றிவிட்டு ஏ.சி.யைப் போடுங்கள்.

நின்று கிளம்பும் செலவையும் பாருங்கள். 1,800 கிலோ வண்டியை நிலையிலிருந்து மணிக்கு 50 கிலோமீட்டருக்குக் கொண்டுவர 174 கிலோஜூல் இயக்க ஆற்றல் வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் 32 மெகாஜூல் இருந்தாலும், எஞ்சின் அதில் கால் பங்கைத்தான் சக்கரத்துக்குத் தருகிறது என்று கொண்டால், ஒவ்வொரு முடுக்கத்துக்கும் 22 மில்லிலிட்டர் செலவாகிறது. அடுத்த சிக்னலில் பிரேக்கை மிதிக்கும்போது அது அத்தனையும் பிரேக் தட்டின் சூடாகக் காற்றில் கலந்துவிடும். பத்து சிக்னலுக்குக் கால் லிட்டரை நெருங்குகிறது. நின்றபடி எஞ்சின் ஓடுவது தனிச் செலவு. இந்த அளவு எஞ்சின் ஏ.சி.யோடு ஒரு மணி நேரம் நின்றால் சுமார் ஒரு லிட்டரைக் குடிக்கும்.

இரண்டு மூன்று சிறு வேலைகளை ஒரே சுற்றில் முடிப்பதும், தூரத்தில் சிவப்பு தெரிந்தவுடன் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவதும் உங்களுக்குப் பலன் தரும். உண்மையைச் சொன்னால், தினமும் எட்டுக் கிலோமீட்டர் மட்டுமே ஓடும் வேலைக்கு இந்த வகை வண்டி பொருத்தமானதன்று. வாங்கியாகிவிட்டது என்பதால் அதை இதற்குமேல் வலியுறுத்தவில்லை.

கேள்வி: என் வண்டியில் 2 வீல், ஆட்டோ, லாக் என்று மூன்று நிலை கொண்ட பொத்தான் இருக்கிறது. எப்போதும் 2 வீலிலேயே வைத்தால் மிச்சமாகுமா? பொத்தான் இல்லாத வண்டியில் ஃபியூஸைப் பிடுங்கினால் போதும் என்கிறார்களே?

பதில்: வறண்ட சாலையில் 2 வீல் நிலைக்கும் ஆட்டோவுக்கும் உள்ள வேறுபாடு அளந்து கண்டுபிடிக்கக் கடினமான அளவே, காரணத்தை முதல் பதிலில் சொன்னேன், ஷாஃப்ட் எப்படியும் சுழல்கிறது. லாக் நிலையை மட்டும் வழுக்கும் தரைக்கு வெளியே பயன்படுத்தாதீர்கள். திருப்பத்தில் முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் வெவ்வேறு தூரம் ஓட வேண்டியிருக்க, அதற்கு இடம் கொடுக்காமல் பூட்டி வைத்தால் எரிபொருளும் போகும், டயரும் தேயும், கிளட்சும் சூடாகும். ஃபியூஸைப் பிடுங்கும் யோசனையைச் சொன்னவரிடம், அதே சுற்றில் வழுக்கல் கட்டுப்பாடும் இருக்கிறதா என்று கேளுங்கள்.

கேள்வி: 225/65 ஆர்17 டயர்களுக்குப் பதில் 235/65 ஆர்17 போட்டேன். அன்றிலிருந்து மைலேஜ் குறைந்துவிட்டது. அகலமான டயர் அவ்வளவு இழுக்குமா?

பதில்: கொஞ்சம் இழுக்கும், ஆனால் உங்கள் குறைவில் ஒரு பகுதி வெறும் கணக்குப் பிழை. பழைய டயரின் விட்டம் 724 மில்லிமீட்டர், புதியதன் விட்டம் 737. சக்கரம் ஒரு சுற்றில் 1.8 சதவீதம் கூடுதல் தூரம் போகிறது. ஓடோமீட்டருக்கு அது தெரியாது. அது 500 என்று காட்டும்போது நீங்கள் 509 கிலோமீட்டர் ஓடியிருக்கிறீர்கள். கணக்கைத் திருத்திய பின்னும் மிஞ்சும் குறைவே டயருடையது. கற்பாதைக்கான தடித்த பூக்கள் கொண்ட டயராக இருந்தால் அந்த மிச்சம் கணிசமாகவே இருக்கும். ஐரோப்பாவில் விற்கும் டயர்களில் 2021 மே மாதத்திலிருந்து உருளல் தடையை ஏ முதல் இ வரை தரப்படுத்திய சீட்டு ஒட்டப்படுகிறது; கிடைத்தால் அதைப் பார்த்து வாங்குங்கள்.

காற்றழுத்தத்தைப் பொறுத்தவரை, நான்கு டயர்களின் சராசரி அழுத்தம் 1 பி.எஸ்.ஐ. குறைந்தால் மைலேஜ் 0.2 சதவீதம் குறையும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. பலரும் நினைப்பதைவிட இது குறைவுதான், 5 பி.எஸ்.ஐ. குறைந்தால்கூட ஒரு சதவீதமே. அழுத்தத்தை மாதம் ஒரு முறை பார்ப்பதற்கு மைலேஜைவிடப் பெரிய காரணம் பாதுகாப்பு.

ஆல்-வீல் டிரைவ் வண்டிக்கே உரிய எச்சரிக்கை ஒன்றையும் சேர்க்கிறேன். டயர் 1 மில்லிமீட்டர் தேய்ந்தால் அதன் சுற்றளவு 6 மில்லிமீட்டருக்கு மேல் குறைகிறது. நான்கில் இரண்டை மட்டும் புதிதாக மாற்றினால் முன் அச்சும் பின் அச்சும் நேர்ச்சாலையிலேயே வெவ்வேறு வேகத்தில் சுழல, நடுவில் இருக்கும் கிளட்ச் ஓயாமல் வழுக்கிச் சூடாகும். சுபாரு நிறுவனம் நான்கு டயர்களின் சுற்றளவும் கால் அங்குலத்துக்குள் ஒத்திருக்க வேண்டும் என்கிறது. டயரில் மிச்சம் பிடிக்கப் போய்க் கிளட்சுக்குச் செலவழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் மிச்சமாகுமா?

பதில்: ஆகாது. கியரில் இருக்கும்போது காலை எடுத்தால் இன்றைய எஞ்சின்கள் பெட்ரோலை முழுவதுமாக நிறுத்திவிடுகின்றன. நியூட்ரலில் விட்டால் எஞ்சின் அணையாமலிருக்கப் பெட்ரோல் தேவைப்படுகிறது. பிரேக்கும் வீணாகச் சூடாகும்.

கேள்வி: ஏர் ஃபில்டரை அடிக்கடி மாற்றினால் மைலேஜ் கூடும் என்று மெக்கானிக் சொல்கிறார். உயர் ஆக்டேன் பெட்ரோலும் போடச் சொல்கிறார்.

பதில்: கார்புரேட்டர் காலத்தில் முதலாவது உண்மை. இன்றைய இன்ஜெக்ஷன் எஞ்சின், உள்ளே வரும் காற்றை அளந்து அதற்கேற்பவே பெட்ரோலைத் தருகிறது. அடைத்த ஃபில்டரால் வண்டியின் இழுவை குறையுமே தவிர மைலேஜ் குறிப்பிடும்படி மாறாது. குறித்த காலத்தில் மாற்றினால் போதும். தயாரிப்பாளர் உயர் ஆக்டேன் கேட்காத வண்டிக்கு அதைப் போடுவதில் பயனில்லை.

கேள்வி: கூரைப் பெட்டி வாங்கலாம் என்று இருக்கிறேன்.

பதில்: பயணத்துக்கு மாட்டுங்கள், முடிந்ததும் கழற்றுங்கள். பெரிய, மழுங்கிய முகம் கொண்ட பெட்டி, மணிக்கு 105 முதல் 120 கிலோமீட்டர் வேகத்தில் மைலேஜை 10 முதல் 25 சதவீதம் வரை தின்னும் என்று அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிறது. ஆல்-வீல் டிரைவின் மொத்த இழப்பைவிட இது பல மடங்கு. கழற்ற மனம் வராது என்பதை அறிவேன். கூரையின் குறுக்குச் சட்டங்களை ஓர் ஆண்டு முழுவதும் வெறுமனே சுமந்து திரிந்தவன் நான்.

கேள்வி: அடுத்த வண்டி வாங்கப் போகிறேன். மழைக்கால மலைச்சாலைக்கு ஆல்-வீல் டிரைவ் வேண்டும், மைலேஜும் வேண்டும். டீசலா, ஹைபிரிடா?

பதில்: நகர ஓட்டம் பாதிக்கு மேல் என்றால், எஞ்சினோடு மின் மோட்டாரும் கொண்ட ஹைபிரிட். மேலே சொன்ன அந்த 22 மில்லிலிட்டரில் ஒரு நல்ல பகுதியை, பிரேக் பிடிக்கும்போது மின்சாரமாக்கி பேட்டரிக்குத் திருப்பித் தரும் வண்டி இந்த இரண்டில் அதுதான். டொயோட்டா ராவ்4 ஹைபிரிடின் ஆல்-வீல் டிரைவில் ப்ரொபெல்லர் ஷாஃப்டே கிடையாது; பின் அச்சுக்குத் தனியாக ஒரு மின் மோட்டார் இருக்கிறது. 2019 மாடலின் அமெரிக்க எண்களைப் பாருங்கள்: நான்கு சக்கரமும் இயங்கும் ஹைபிரிட் லிட்டருக்கு 17, முன்சக்கரம் மட்டும் இயங்கும் அதன் பெட்ரோல் வண்டி 12.8. பின்சக்கர இயக்கத்தால் மைலேஜ் கெடும் என்பவர்களிடம் இந்த இரண்டு எண்களையும் காட்டலாம். இன்னொரு வேடிக்கை, அந்த ஹைபிரிட் நகரத்தில் 17.4-ம் நெடுஞ்சாலையில் 16.2-ம் பெறுகிறது, வழக்கமான வண்டிகளின் வரிசைக்கு நேர்மாறு. எனினும், பின் மோட்டார் ஒரு துணைதான். சேற்றில் நெடுநேரம் போராடும் வேலைக்கு ஷாஃப்ட் உள்ள வண்டியே மேல்.

நெடுஞ்சாலையில் நீண்ட தூரம், முழுச் சுமை, ஏற்றம் என்று ஓட்டுபவருக்கு டீசலுக்கு இன்னும் இடம் உண்டு. ஆனால் லிட்டர் கணக்கை மட்டும் ஒப்பிட்டு மயங்க வேண்டாம். ஒரு லிட்டர் டீசலில் பெட்ரோலைவிட ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு ஆற்றல் கூடுதலாக இருக்கிறது. அது எரிந்தால் வெளிவரும் கரியமில வாயுவும் 2.3 கிலோவுக்குப் பதில் 2.7 கிலோ.

கேள்வி: இரண்டு மாதத்துக்கு முன்வரை 11 கொடுத்த வண்டி இப்போது 9 கொடுக்கிறது. பாதையும் ஓட்டும் விதமும் மாறவில்லை. சர்வீஸ் மையத்தில் கணினியை மாட்டிப் பார்த்து எந்தக் கோளாறும் இல்லை என்கிறார்கள்.

பதில்: படிப்படியாகக் குறைந்திருந்தால் தேய்மானம் என்று சொல்லலாம், இரண்டு மாதத்தில் இவ்வளவு குறைந்தால் குறிப்பான காரணம் ஒன்று இருக்க வேண்டும். கணினி எல்லாவற்றையும் சொல்லாது. முதலில் பெட்ரோலைக் கவனியுங்கள். எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. கலப்பு விகிதம் 10-லிருந்து 20 சதவீதமானால் மூன்று நான்கு சதவீதம் போகும். அதனால் மட்டும் 11 என்பது 9 ஆகிவிடாது.

அடுத்து, அரை மணி நேரம் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டிவிட்டு, நான்கு சக்கரங்களின் நடுப்பகுதிக்கு அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள்; தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலடித்தால் அந்தப் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. வெப்பமானி முள் எப்போதும் ஏறும் இடத்துக்கு ஏறாமல் கீழேயே நின்றால், தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருக்கலாம். எஞ்சின் எப்போதும் குளிர்ந்திருப்பதாக எண்ணிப் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே இருக்கும். டயரின் ஓர் ஓரம் மட்டும் சீவியது போலத் தேய்ந்திருந்தால் சக்கரங்களின் நேர்த்தி (அலைன்மென்ட்) கலைந்துவிட்டது.

கடைசியாக, உங்கள் வகை வண்டிக்கே உரிய சோதனை: காலியான மைதானத்தில் ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பி மெதுவாக வட்டமடியுங்கள். யாரோ பின்னால் பிடித்து இழுப்பது போல வண்டி திணறினாலோ, டயர் தத்தித் தத்தி நகர்ந்தாலோ, பின் அச்சை இணைக்கும் கிளட்ச் விலகாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அப்படியானால் மறுபடி கணினியை மாட்ட விடாதீர்கள். சர்வீஸ் மையத்திலிருந்து ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து அதே வட்டத்தை ஒரு முறை அடித்துக் காட்டுங்கள்.